மாமாவைப் புதைத்த அமாவாசை

என் மாமனாரை நான் ஒருமுறை கழுத்துவரை மண்ணில் புதைத்திருக்கிறேன். அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அவருடைய முழுச் சம்மதத்தோடு, அவருக்கு நல்லது செய்யும் எண்ணத்தில், பட்டப்பகலில் புதைத்தேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்தும் இதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஊசிப் பயம். நான் ராமநாதபுரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கம்பவுண்டர் ஒரு தட்டில் வெந்நீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் ஊசியைப் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தார். (அந்தக் காலத்து ஊசியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் பார்த்ததில்லை. கோணி தைக்கலாம்.) அவர் பஞ்சு எடுக்கத் திரும்பிய நேரத்தில் நான் கொல்லைப்புற வழியாக வெளியே வந்துவிட்டேன். அன்று ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில், மருந்தும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், மண்ணும் நீரும் வெயிலுமே போதும் என்று சொல்லும் ஒரு சின்ன இயற்கை வைத்தியப் புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்திலேயே நான் அந்த ஆசிரியருக்குச் சீடனாகிவிட்டேன். மிச்சப் பக்கங்களைப் பிறகுதான் படித்தேன்.

வெளியே இதையெல்லாம் ஒரு கொள்கை என்று சொல்லிக்கொண்டேன். வயிற்றில் ஈரமண்ணைத் துணியில் மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கல்யாணத்துக்குச் சீராக வந்த பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, இடுப்பளவு உட்கார்ந்து பாடம் தயாரித்தேன். பச்சைப் பூசணிக்காயைத் துருவிச் சாப்பிட்டேன். என் மனைவி பாக்கியத்துக்குக் கல்யாணமாகி எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. அவள் தனக்கு மட்டும் மீன் குழம்பு வைத்து, எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டாள். இந்த நேரத்தில் தலைமையாசிரியரின் ஜலதோஷத்துக்கு நான் நெற்றியில் மண்பற்று போடச் சொல்ல, அது நாலே நாளில் சரியாகிவிட்டது. (சும்மா விட்டிருந்தாலும் நாலு நாள்தான்.) அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை.

மாமா பெயர் கருப்பையா. திருவாடானைப் பக்கம் நிலபுலன் உள்ள மனிதர். ஆறடி உயரம். அவர் வயலில் நின்று ஆளைக் கூப்பிட்டால் கண்மாயின் அக்கரையில் இருப்பவன் எழுந்து நிற்பான். எதற்கும் பயந்தவர் இல்லை. நானோ அவர் இருமினாலே எழுந்துவிடுவேன். மாப்பிள்ளை என்ற மரியாதைக்கு என்னை “வாங்க, போங்க” என்றுதான் பேசுவார். ஆனால் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதற்கெல்லாம் சம்பளம் தருகிறார்களா என்று மாமியாரிடம் அவர் கேட்டது என் காதிலும் விழுந்திருக்கிறது. அவர் என்னை ஒரு ஆளாக மதிக்க வேண்டும் என்பது அன்றைக்கு என் வாழ்க்கையின் பெரிய ஆசை.

அவருக்கு ரெண்டு வருஷமாக மூட்டுவலி. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ரெண்டு பேர் வேண்டும். ஊர் வைத்தியரின் தைலம் தோற்றது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு ஊசி போட்டார்கள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் போட்டுக்கொண்டாராம். அதுவும் தோற்றது. அந்தத் தை அமாவாசைக்குத் தன் தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுக்க அவரும் மாமியாரும் ராமேஸ்வரம் வந்தார்கள். நானும் பாக்கியமும் போய்ச் சேர்ந்துகொண்டு, நாலு பேரும் ஒரு சத்திரத்தில் தங்கினோம்.

அங்கே வைத்துத்தான் நான் மெதுவாக ஆரம்பித்தேன். ஈரமான கடல் மணலில் கழுத்தளவு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், மூட்டில் இருக்கும் கெட்ட நீரை மண் இழுத்துக்கொள்ளும் என்றேன்.

“புஸ்தகத்துல போட்டுருக்கா?” என்றார் மாமா.

“போட்டிருக்கு மாமா. நாப்பத்திரெண்டாம் பக்கம்.”

“அப்பச் செய்ங்க.”

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பினார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், நானும் அப்படித்தான் நம்பினேன். அவர் என் பேச்சைக் கேட்பது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராமேஸ்வரத்துக் கடற்கரையில் அன்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். தெரிந்தவர்கள் யாராவது தன்னை மண்ணுக்குள் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்றார் மாமா. எனவே பெண்கள் இருவரையும் சத்திரத்தில் சமைக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் ரெண்டு பேர் மட்டும் காலை ரயிலில் தனுஷ்கோடி போனோம். புயல் அந்த ஊரைக் கொண்டுபோவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் அது. தர்ப்பணமும் குளியலும் முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு, தென்கடல் ஓரமாக அரை மைல் நடந்தோம். தை மாசத்தில் வடகடல்தான் இரையும், தென்கடல் சாதுவாகக் கிடக்கும். அந்தச் சாதுத்தனத்தைப் பார்த்து எனக்குத் தைரியம் வந்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் மாமாவும் கண்மாய்க்காரர்கள். கண்மாயில் மழை பெய்தால் தண்ணீர் ஏறும், கோடையில் இறங்கும். மற்றபடி வைத்த இடத்தில் இருக்கும். காலையில் ஒரு இடம், மத்தியானம் ஒரு இடம் என்று தண்ணீர் நடமாடும் என்பது எங்கள் ரெண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. அதிலும் கடல் அதிகமாக ஏறுவது அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் என்று கடற்கரையில் பிறந்த கைக்குழந்தைக்குத் தெரியும். நானோ வைத்தியம் தொடங்க அமாவாசை நல்ல நாள் என்று பார்த்திருந்தேன். தண்ணீரிலிருந்து இருபது அடி தள்ளி, ஈரமாக, இறுக்கமாக, பளபளவென்று ஒரு இடம் இருந்தது. இதைவிட நல்ல ஈரம் எங்கே கிடைக்கும் என்று அதையே தேர்ந்தெடுத்தேன். விடியற்காலையில் கடல் அங்கேதான் இருந்தது என்பதால்தான் அந்த ஈரம் என்று எனக்கு யார் சொல்வது?

கொஞ்சம் மேலே ஒரு பெண் மீனை உப்புப் போட்டுப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். பெயர் செபஸ்தியம்மா. மீன்கார வீட்டுப் பெண். நாற்பது வயதிருக்கும். யாத்ரீகர்கள் வரும் நாளில் சங்கும் சோழியும் விற்பாளாம். வைத்தியத்துக்கு என்று சொல்லி அவளிடம் மண்வெட்டியை இரவல் வாங்கினேன். கையில் கொப்புளம் கிளம்ப முக்கால் மணி நேரம் வெட்டினேன். குழிக்கு அடியில் தண்ணீர் ஊறியது. அதுவும் நல்லதுதான் என்றேன். மாமாவை என் தோளில் சாய்த்து இறக்கிக் கால் நீட்டி உட்காரவைத்து, கைகளையும் உள்ளே விடச் சொல்லி, மண்ணைத் தள்ளி, மிதித்து இறுக்கினேன். புத்தகத்தில் இறுக்கம் முக்கியம் என்று போட்டிருந்தது. வெயிலுக்குத் தலையில் ஈரத் துண்டைச் சுற்றினேன். மீசையும் விபூதியுமாகத் தலை மட்டும் மணல்மேல் இருந்தது.

செபஸ்தியம்மா மண்வெட்டியைக் கேட்டு வந்தாள். இரவல் வாங்கிய பொருளை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவன் நான். கொடுத்துவிட்டேன்.

“தம்பி, இன்னைக்கி அமாவாசை. தண்ணி ஏறும்” என்றாள்.

“ஒரு மணி நேரந்தாம்மா” என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவள் மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டு போனாள். (அதை வைத்தியத்துக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.)

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் கல்யாணத்தில் அவர் போட்ட கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்குக் குளுகுளுவென்று இருப்பதாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து முட்டிக்குப் பக்கத்தில் ஏதோ ஊர்வதாகச் சொன்னார். நோய் இறங்குகிறது மாமா என்றேன். (அது நண்டு. பின்னால் தெரிந்தது.)

இருபது நிமிஷம் ஆகியிருக்கும். என் குதிகாலில் சில்லென்று ஏதோ பட்டது. திரும்பினேன். மெல்லிய நுரை வந்து தொட்டுவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பெரிய அலை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அடுத்ததும் வந்தது. அதற்கடுத்தது மடித்து வைத்த என் சட்டையை நனைத்தது. தண்ணீரோரம் கழற்றிவிட்ட செருப்பைத் தேடினேன். ஒன்று தூரத்தில் மிதந்தது. ரெண்டாவதைக் காணோம். அப்போதுதான் கடல் ஏறிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

ஓடிப்போய் மண்வெட்டியை வாங்கலாம் என்றால் செபஸ்தியம்மாவைக் கண்ணுக்கெட்டிய தூரம் காணவில்லை. மாமாவிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். விவசாயி வீட்டுப் பிள்ளை தண்ணீரைக் கண்டால் என்ன செய்வான்? மாமாவுக்கும் கடலுக்கும் நடுவே கையால் மண்ணை வாரி ஒரு வரப்புக் கட்டத் தொடங்கினேன். சத்தம் கேட்டு மாமா கண்ணைத் திறந்தார்.

“என்ன செய்றீக?”

“காத்து அடிக்குது மாமா. ஒரு மறைப்பு.”

அவர் வரப்பைப் பார்த்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் முதலில் அவருக்குப் பொறுக்காமல் போனது என் வேலைதான்.

“அடி அகலம் பத்தாது. காலப் போட்டு மிதிச்சு ஏத்துங்க. அங்கன பாருங்க, கரைஞ்சு போகுது” என்றார்.

மிதித்தேன், ஏற்றினேன். அடுத்த அலை வரப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மாமாவின் வாயில் உப்புத் தண்ணீரை அடித்தது. அவர் துப்பினார். எட்டு மாசத்து மரியாதை அத்தோடு முடிந்தது.

“ஏலே, தோண்டுலே” என்றார்.

ரெண்டு கையாலும் தோண்டினேன். ஈர மணல் நான் வாரிய அளவுக்குத் திரும்பச் சரிந்து உள்ளே விழுந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. மாமா பல்லைக் கடித்து முண்டினார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர, மண் ஒரு விரற்கடை அசையவில்லை. நான் மிதித்த மிதி அப்படி. தண்ணீர் உள்ளே ஊற ஊற மண் இன்னும் இறுக்கிப் பிடிப்பதாகச் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. ஆறுதலுக்குக் கையைப் பிடிக்கலாம் என்றால் கை உள்ளே இருக்கிறது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தலை நடுங்கியது. இந்த மனிதருக்கு நடுக்கம் வரும் என்பதே எனக்குத் தெரியாது. என் விரலில் பட்ட ஈரம் கடல் தண்ணீர் இல்லை, சூடாக இருந்தது.

அலை போன இடைவெளியில் மாமா மெதுவாகச் சொன்னார்: “மாப்ள, நா அழுததப் பாக்கியத்துட்டச் சொல்லிறாதீக.”

மரியாதை திரும்ப வந்துவிட்டது. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. சத்திரத்துக்குப் போய் என்ன சொல்வேன்? அப்பா எங்கே என்று பாக்கியம் கேட்டால் எந்த இடத்தைக் காட்டுவேன்? நான் கத்தினேன். ‘யாராவது வாங்க’ என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வந்தார்கள். முப்பது நாற்பது பேர், கையில் பித்தளைச் செம்பும் துணிமூட்டையுமாக, வடநாட்டு யாத்ரீகர்கள். தெய்வமே அனுப்பியது என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். அவர்கள் என்னைத் தாண்டி மாமாவைப் பார்த்தார்கள். மணலுக்குமேல் விபூதி பூசிய ஒரு தலை. கண்ணில் நீர். எதிரே கடல். நாற்பது பேரும் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள்.

நான் மண்டியிட்டு மறுபடி தோண்டத் தொடங்கினேன். ரெண்டு வாட்டசாட்டமான ஆட்கள் என் கையை மெல்லப் பிடித்து, தவத்தைக் கலைக்காதே என்பதுபோல் உதட்டில் விரல் வைத்துக் காட்டி, என்னைத் தூக்கித் தள்ளி உட்காரவைத்தார்கள். எனக்கு அப்போது தெரிந்த ஒரே இந்தி வார்த்தை ‘நஹி’. அதை நாற்பது தடவை சொல்லியிருப்பேன். சமாதானப்படுத்த என் கையில் ஒரு லட்டை வைத்தார்கள். ஒரு பெரியவர் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கை ஜலத்தை எடுத்து மாமாவின் தலையில் ஊற்றினார். ஏற்கெனவே தண்ணீருக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்த மாமா, கண்மாயின் அக்கரைக்குக் கேட்கும் தன் குரலில் ஒரு வசவை விட்டார். கூட்டம் அதை ஆசீர்வாதமாக ஏற்று ஜெயகோஷம் போட்டது. அலை அவர் தாடையைத் தொட்டது. அவர் முகத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டார். அதுவும் அவர்களுக்குத் தியானமாகவே தெரிந்தது. கையில் லட்டோடு நான் அழுதேன்.

அப்போதுதான் செபஸ்தியம்மா மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்தாள். வீட்டுக்குப் போய்விட்டு மீன்குழியைப் பார்க்கத் திரும்பி வந்தவளுக்கு, தண்ணீர் அதற்குக் கிட்டத்தில் வந்ததைக் கண்டதும் எங்கள் ஞாபகம் வந்திருக்கிறது. கூட்டத்துக்கு நடுவில், ஆளின் கழுத்துப் பக்கத்தில், மண்வெட்டியை ஓங்க வழியில்லை. ஒரு நொடி நின்று பார்த்தாள். பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டாள். மாமாவின் பக்கத்தில் குந்தி, ஒரு பிடி மணலை அள்ளி, ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, முந்தானையில் முடிந்தாள். கூட்டத்தைப் பார்த்து மணலைக் காட்டி, “காசி, காசி” என்றாள்.

சேதுவின் மணலை முடிந்துகொண்டு போய்க் காசியில் கங்கையில் கரைப்பது அவர்கள் வழக்கம். அந்த மணலுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அதுவும் ஒரு மகான் உட்கார்ந்த மணல் கிடைத்தால் விடுவார்களா? கங்கை ஜலம் ஊற்றிய பெரியவர்தான் முதலில் செம்பை இறக்கினார். அப்புறம் நாற்பது செம்பும் இறங்கின. துண்டிலும், முந்தானையிலும், மடியிலும் வாரினார்கள். முண்டியடித்து வாரினார்கள். எங்கள் ஊரில் கண்மாய் தூர்வாரும்போதுகூட அந்த வேகத்தை நான் பார்த்ததில்லை. மாமாவின் தோள் தெரிந்தது, மார்பு தெரிந்தது, ஒரு கை வெளியே வந்தது. வந்த கையால் அவரும் வாரினார். நானும் செபஸ்தியம்மாவும் அக்குளில் கைகொடுத்து இழுத்தோம். மாமா வந்தார். வேட்டி வரவில்லை. (கோவணம் இருந்தது. கடவுளும் இருக்கிறார்.)

மேட்டு மணலில் உட்கார்ந்து அவர் வெடவெடவென்று நடுங்கினார். யாத்ரீகர்கள் வரிசையாக வந்து காலைத் தொட்டார்கள். நான் புதைத்த இடத்தில் அதற்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. நான் செபஸ்தியம்மாவைக் கும்பிட்டேன்.

“கருவாட்டுக்குக்கூட நாங்க தண்ணி பாத்துத்தான் தம்பி குழி வெட்டுவோம்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் துண்டைக் கட்டிக்கொண்டு மாமா ரயிலில் ராமேஸ்வரம் வந்தார். இறங்கியதும், நடந்ததை வீட்டில் மூச்சுவிடக்கூடாது என்று மட்டும் சொன்னார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அன்று சாயங்காலம் சத்திரத்து வாசலில் நாங்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தபோது, அதே நாற்பது பேர் கோயிலிலிருந்து திரும்பி அந்த வழியே வந்தார்கள். மாமாவைக் கண்டதும் நடுத்தெருவில் விழுந்து கும்பிட்டார்கள். மாமியார் மாமாவைப் பார்த்தார். மாமா கோபுரத்தைப் பார்த்தார். பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அவர் அழுததைத் தவிர. அதை இப்போது முதல் தடவையாகச் சொல்கிறேன். புத்தகம் மறுநாள் அடுப்புப் பற்றவைக்கப் பயன்பட்டது.

மூட்டுவலி குறையவில்லை, கூடியது. திரும்பவும் ஊசிதான். அதற்கு மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை எனக்குத் தண்டனையாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நான் வெளியே நின்று காதைப் பொத்திக்கொண்டேன்.

அதன்பிறகு மாமா இருபத்துமூன்று வருஷம் இருந்தார். எங்கள் வகையறாவில் இறந்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். மாமா தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “நாஞ் செத்தா எரிச்சிருங்கடா. ஒரு தடவ பொதைச்சது போதும்” என்று சொல்லிவைத்திருந்தார். அவர் போனபோது, முறையை மாற்றக்கூடாது என்று பங்காளிகள் சத்தம் போட்டார்கள். மூத்த மச்சான், மூலையில் அழுதுகொண்டிருந்த என்னை விரலால் காட்டினார். சத்தம் நின்றது. சாவு வீட்டில் நாலைந்து பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். விறகு வந்தது. பிறகு மாமியாரும் அவர் போன வழியே போக வேண்டும் என்றார். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் அதையே கேட்டார்கள். இன்று எங்கள் குடும்பத்துச் சின்னப் பிள்ளைகள், நாம் காலங்காலமாக எரிக்கிறவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு நெருப்பு என்றால் பயம். போன மாசம் மகனைக் கூப்பிட்டு, என்னை மட்டும் புதைத்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவேயில்லை.

“நம்ம வழக்கம் எரிக்கிறதுதானய்யா” என்றான். “ஒங்களுக்காக அத எப்பிடி மாத்துறது?”